புள்ளி விழுந்த வில்வம்

பிரதோஷத்துக்கு முதல்நாள் மாலையில் வில்வம் ஆய்கிற வேலை, எங்கள் வீட்டில் தகப்பனார் காலமான பிறகு என் பங்குக்கு வந்து சேர்ந்தது. மூன்று இதழும் குறையாமல் நிற்கிற தளங்களை ஒரு தட்டிலும், ஓர் இதழ் ஒடிந்ததோ, புழு அரித்ததோ, சிலந்தி நூல் சுற்றியதோ, பழுப்பு நிறத்தில் வட்டவட்டமாகப் புள்ளி விழுந்ததோ ஆன தளங்களை மற்றொரு தட்டிலுமாகப் பிரித்துவைப்பதே அந்த வேலை. இது எங்கள் வீட்டார் தாமாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கமன்று. பூசைக்கு ஆகாத பத்திர புஷ்பங்கள் இன்னின்னவை என்று சைவ விதிநூல்கள் விலக்கிவைக்கும் வரிசையிலே புழுக்கடிக்கும் சிலந்தி நூலுக்கும் இடம் உண்டு. ஒருமுறை சாத்திய வில்வத்தை நீரிலே கழுவி மறுபடியும் சாத்தலாம், அதற்கு நிர்மாலிய தோஷம் இல்லை என்று அத்தனை தாராளமாக இடங்கொடுக்கிற மரபு, ஊறுபட்ட இலையின் விஷயத்தில் மட்டும் இம்மியளவும் இளகுவதில்லை.

வைத்திய சாஸ்திரம் படைத்தவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். மருந்துச் செடி பறிப்பதற்கு உகந்த நிலம் எது என்பதைச் சொல்லும் அத்தியாயத்தில் சுசுருத சங்கிதை, பூச்சியாலும் விஷத்தாலும் ஆயுதத்தாலும் வெயில், காற்று, நெருப்பு, நீர் ஆகியவற்றாலும் கெடாத செடியையே கொள்ள வேண்டும் என்று விதிக்கிறது. கோயிலின் விதியும் மருந்துச்சாலையின் விதியும் இப்படி ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றின் வேர்கள் வேறு. குருக்கள் ஊறுபட்ட இலையை விலக்குவது, நம்மிடம் உள்ளவற்றில் சிறந்ததையே ஆண்டவனுக்குத் தர வேண்டும் என்ற மரியாதையினால். அந்த இலையின் உள்ளே இருக்கும் சாரத்தைப் பற்றி அவருக்கு விசாரம் இல்லை. வைத்தியர் விலக்குவதோ, ஊறுபட்ட இலையிலே ஔஷத வீரியம் குறைந்திருக்கும் என்ற கணிப்பினால். முன்னதை மெய்யென்றோ பொய்யென்றோ நிறுவ முடியாது, அது அன்பின் இலக்கணம். பின்னது அப்படியல்ல, அதைச் சோதித்துப் பார்க்கலாம், சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனைகளின் முடிவுகளைப் படிக்கப் படிக்க, இது இரசாயன நூலாரோடு முடிந்துபோகிற வினா அன்று, செடியிலே இருக்கிற மருந்து யாருக்காக இருக்கிறது என்ற பழைய சமய வினாவே இதற்குள் வேறு உடை உடுத்து உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றலாயிற்று.

நோயின் வரலாற்றை முதலிலே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பனியோ மழையோ ஈரம் படியவிட்ட இலையின்மேல், காற்றிலே மிதந்து வந்த பூஞ்சையின் வித்தணு ஒன்று விழுகிறது. கண்ணுக்குத் தென்படாத அந்தத் துகள் சில மணி நேரத்திலே முளைவிட்டு, இலை மூச்சுவிடும் நுண்துளையின் வழியாகவோ, மேல்தோலைத் தானே துளைத்துக்கொண்டோ உள்ளே இறங்குகிறது. இலைக்குக் கண் கிடையாது, நரம்பு கிடையாது. ஆயினும் வந்திருப்பவன் அயலான் என்பதை அது உணர்ந்துகொள்கிறது. பூஞ்சையின் உடற்சுவரிலே கைட்டின் என்றொரு பொருள் உண்டு. நண்டின் ஓட்டிலும் வண்டின் மேலுறையிலும் இருக்கிற அப்பொருள் செடியின் உடலில் எவ்விடத்திலும் இல்லை. ஆகவே அதன் சிறு துணுக்கு தன் உயிரணுவின் மேற்புறத்தில் பட்ட மாத்திரத்திலே செடி விழித்துக்கொள்கிறது. பகைவன் நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் பல சமயங்களில் தாமாகவே மடிந்து, உயிருள்ள சதையையே உண்டு வாழ்கிற பூஞ்சைக்கு உணவு கிடைக்காதபடி செய்துவிடுகின்றன. நாம் இலையிலே காண்கிற பழுப்புப் புள்ளிகளில் சில இப்படி நேர்ந்த மரணத்தின் அடையாளங்கள். பகைவன் தின்றது எவ்வளவு, வீட்டுக்காரன் தானே எரித்தது எவ்வளவு என்பதை வெறுங் கண்ணால் பிரித்தறிய முடியாது.

இந்தப் போராட்டத்திலே செடி புதிய பொருள்களையும் உண்டாக்குகிறது என்பதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்கள் ஜெர்மானியர்களான முல்லர், பேர்கர் என்னும் இருவர். 1940-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி உருளைக்கிழங்கைப் பற்றியது. அக்காலத்தில் பூஞ்சையினம் என்றே கருதப்பட்ட கருகல் நோய்க் கிருமியின் வலுவற்ற வகை ஒன்றை முதலிலே வெட்டிய கிழங்கின்மேல் விட்டு, சிறிது இடைவெளிக்குப்பின் வலுமிக்க வகையை அதே இடத்தில் விட்டபோது, வலுமிக்கதும் அங்கே தலையெடுக்கவில்லை. நோய் வருவதற்குமுன் இல்லாத ஏதோ ஒரு காவற்பொருளைக் கிழங்கு இடையிலே சமைத்துக்கொண்டது என்று ஊகித்த அவர்கள், செடி, தற்காப்பு என்னும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்குப் பைட்டோஅலெக்சின் என்று பெயரிட்டார்கள். பிறகு 1976-இல் லாங்கேக், பிரைஸ் என்ற இருவர் திராட்சையின் இலையிலே சாம்பற்பூஞ்சையை ஏற்றிப் பார்த்து, நோய் கண்ட இடத்தை ஒட்டி ரெஸ்வெரட்ரால் என்னும் பொருள் திரள்வதைக் கண்டார்கள். இன்றைக்கு அப்பொருள் முதுமையை விரட்டும் என்ற விளம்பரத்தோடு மாத்திரையாகக் கடைகளிலே விற்கப்படுகிறது. விரட்டுகிறதா என்பதற்குத் தக்க சான்று இன்னும் கிடைத்தபாடில்லை. திராட்சையிலை எந்தக் கிழவரின் முதுமையையும் மனத்திலே வைத்துக்கொண்டு அதைச் சமைக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

காயம் பட்டால்தான் குணம் பிறக்கும் என்பதற்கு ஆராய்ச்சிசாலை வரையிலும் போக வேண்டியதில்லை, அடுக்களையே போதும். முழுப் பூண்டுப் பல்லை மூக்கின் அருகே வைத்துப் பாருங்கள், வாசனை இருப்பதாகவே தெரியாது. அம்மியிலே ஒரு தட்டுத் தட்டியதும் வீடெல்லாம் மணக்கிறது. கடுகும் அப்படியே: அரைத்து நீர் சேர்ந்த பிறகுதான் அதன் காரம் மூக்கிலே ஏறும். ஒன்றோடொன்று சேர்ந்தால் காரமாகும் இரண்டு பொருள்களைச் செடி தனித்தனி அறைகளில் பூட்டிவைத்திருக்கிறது. சுவர் உடைந்தால் அவை கலக்கின்றன. நித்தியகல்யாணியின் இலையில் இந்த ஏற்பாடு இன்னும் நுட்பமானது. நம் நாட்டுப்புறத்திலே சுடுகாட்டு மல்லி என்று பெயர் வாங்கி, வீட்டு முற்றத்தில் வைப்பதற்குச் சிலர் தயங்குகிற அந்தச் செடியிலிருந்துதான் குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிரிஸ்டின் கிடைக்கிறது. அதன் சில உயிரணுக்களில் ஸ்டிரிக்டோசிடின் என்னும் மூலப்பொருள் நீர்ப்பையிலும், அதை நஞ்சாக மாற்றும் நொதி உட்கருவிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. பூச்சி கடித்தோ பூஞ்சை அழித்தோ உயிரணு சிதைகிறபோது இரண்டும் சேர்ந்து பகைவனைத் தாக்குகின்றன. உட்கருவிலே வைத்த வெடிகுண்டு என்று ஆராய்ச்சியாளர்களே இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். சுடுகாட்டுப் பூவிலே குழந்தையின் உயிர் காக்கும் மருந்து இருப்பதைக் கேட்டு வியக்கிற நாம், அந்த மருந்தும் அதன் சுற்றத்தாரும் செடியின் ஆயுதக் கொட்டிலைச் சேர்ந்தவர்கள் என்பதை நினைப்பதில்லை.

இவ்வளவும் தெரியாத காலத்திலே மனிதர், செடியின் மருந்து யாருக்காக என்ற வினாவுக்கு எளிய விடை ஒன்று வைத்திருந்தனர். தட்சசீலத்திலே வைத்தியம் பயின்ற ஜீவகனை அவனுடைய ஆசிரியர் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து அனுப்பி, ஊரைச் சுற்றி ஒரு யோசனை தூரத்துக்குள் மருந்துக்கு உதவாத செடி எதுவும் கண்டால் கொண்டுவா என்றாராம். தேடித் திரிந்தவன் வெறுங்கையோடு திரும்பி வந்து, அப்படி ஒன்றும் இல்லை என்றானாம். கற்றது போதும் என்று ஆசிரியர் விடை கொடுத்தனுப்பினார் என்று பௌத்த விநய நூல் கூறுகிறது. அழகான கதைதான். ஆனால் அந்த மருந்துகளெல்லாம் யாருக்காக அங்கே நின்றன என்று ஆசிரியர் கேட்கவில்லை, மாணவனும் நினைக்கவில்லை. மனிதருக்காக என்பது இருவரும் பேசாமலே ஒப்புக்கொண்ட உடன்படிக்கை.

இங்கிலாந்திலே அந்த உடன்படிக்கையை வாய்விட்டுச் சொல்லி, அதையே வழியாகக் கொண்டு மெய்யான மருந்து ஒன்றைக் கண்டுபிடித்த பாதிரியார் ஒருவர் உண்டு. எட்வர்ட் ஸ்டோன் என்பது அவர் பெயர். ஆக்ஸ்போர்டு மாவட்டத்துச் சிப்பிங் நார்ட்டன் என்ற ஊரைச் சார்ந்தவர். வெள்ளை வில்லோ மரத்தின் பட்டையைத் தற்செயலாக வாயிலிட்டுப் பார்த்த அவருக்கு, அதன் கசப்பு, முறைக்காய்ச்சலுக்குப் பெரு நாட்டிலிருந்து வருகிற சிங்கோனாப் பட்டையின் கசப்பை நினைவூட்டியது. நீர் தேங்கும் தாழ்ந்த நிலங்களிலேதான் முறைக்காய்ச்சல் மிகுதி. வில்லோவும் அத்தகைய ஈர நிலத்தையே விரும்பி வளர்கிறது. நோய்க்கு மருந்தை நோயின் பக்கத்திலேயே வைப்பது ஈசுவர சித்தம் என்று ஆன்றோர் கூறுவது இங்கே பொருந்தாமல் போகாது என்று அவர் எண்ணினார். ஒரு பவுண்டு எடைப் பட்டையைப் பையிலே கட்டி ரொட்டிச் சூளையின் வெளிப்புறத்தில் மூன்று மாதத்துக்கு மேலாகத் தொங்கவிட்டு உலர்த்திப் பொடியாக்கி, ஏறக்குறைய ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் கண்டதை 1763-ஆம் ஆண்டு இராயல் சொசைட்டியின் தலைவருக்குக் கடிதமாக எழுதினார். வில்லோவின் சாலிசினையும் அதன் இனத்தவற்றையும் ஆராய்ந்தவர்களின் பரம்பரையிலேதான் பின்னாளில் ஆஸ்பிரின் பிறந்தது.

பாதிரியாருடைய தர்க்கம் பிழை, அவர் கண்ட மருந்து மெய். அது எப்படிப் பிழை என்பது முழுதும் விளங்க இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயின. 1990-இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுவினர், ஒருவர் புகையிலையிலும் மற்றொருவர் வெள்ளரியிலும் வேலை செய்து, ஒரே சமயத்தில் ஒரே முடிவுக்கு வந்தார்கள். வெள்ளரியின் ஓர் இலையிலே பூஞ்சை நோயையோ வைரஸையோ ஏற்றினால், செடியின் உடலெங்கும் ஓடுகிற சாற்றிலே சாலிசிலிக் அமிலம் பெருகுகிறது. அதையடுத்து, நோய் தீண்டாத மற்ற இலைகளும் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுகின்றன. அஃதாவது, ஆஸ்பிரினுக்குத் தாய்ச்சரக்கான அந்தப் பொருள் செடியின் ஊரிலே அபாயமணி. நோயுற்ற புகையிலைச் செடி அதையே ஆவியாகும் வடிவிலே காற்றில் விட, அண்டையிலுள்ள செடிகளும் அதனால் விழிப்படைகின்றன என்பதையும் பிற்பாடு கண்டார்கள்; அந்த ஆவியின் வாசனை நமக்குப் புதிதன்று, தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் தேய்த்துக்கொள்கிற தைலங்களில் வீசுகிற வாசனைதான் அது. நீர்நிலத்து மனிதனுக்குக் காய்ச்சல் வரும் என்று முன்கூட்டி அறிந்து வில்லோவின் பட்டையிலே யாரோ மருந்தை ஒளித்துவைத்தார்கள் என்று பாதிரியார் படித்த ஏடு, வில்லோ தன் உறவினருக்கு எழுதிக்கொண்ட கடிதமாக முடிந்தது. அடுத்த வீட்டுத் தபாலைப் பிரித்துப் படித்துப் பயன்பெற்றவர்கள் நாம்.

இதனால் ஈசுவர சித்தமே இல்லையென்று ஆகிவிடுமோ என்றால், ஆகாது. மனிதனை நடுவிலே நிறுத்தி மற்ற சிருஷ்டியெல்லாம் அவனுக்கு ஏவல் செய்வதாக நினைக்கிற ஒருவகை ஆஸ்திகம் மட்டுமே இதனால் ஆட்டம் காணும். அது ஆட்டம் காண்பதிலே எனக்கு வருத்தமில்லை.

நான் வருந்துவது வேறொன்றைப் பற்றி. செடியின் காயத்திலே குணம் பிறக்கிறது என்ற செய்தி காதிலே விழுந்தவுடன், அதைத் துன்பத்தின் பெருமைக்குத் திருஷ்டாந்தமாகத் தூக்கிக்கொண்டு மேடையேறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாய்ப்பான உதாரணம் அகில். அசாமின் காடுகளிலே வளர்கிற அம்மரம் நோயற்றிருக்கும்வரை வெளுத்து, இலேசாய், மணமற்றுக் கிடக்கும். தண்டைத் துளைக்கும் புழு வழி திறந்து, அவ்வழியே பூஞ்சை புகுந்து, மரம் அதனோடு ஆண்டுக்கணக்காகப் போராடிக் கரிய பிசினை ஊறவிட்ட பிறகே அது அகிலாகிறது. தேர்ந்த அகில் நீரிலே போட்டால் அமிழ்ந்துவிடும் அளவுக்குக் கனக்கும். அடியார் துன்பமும் இப்படித்தான், பிணி இல்லையேல் மணம் இல்லை என்று பிரசங்கி முடிக்கும்போது சபையிலே சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நானே கண்டிருக்கிறேன். தென்கிழக்காசிய நாடுகளின் தோட்டங்களில் மரத்தைத் துளைபோட்டு வேண்டுமென்றே பூஞ்சையை உள்ளே செலுத்துகிறார்கள் என்பதைப் பிரசங்கி சொல்வதில்லை. அதைச் சொன்னால், துன்பத்தைத் தருகிறவன் நிலையிலே சபையார் யாரை வைத்துப் பார்ப்பார்களோ என்ற அச்சம் அவருக்கு இருக்கலாம்.

அகிலை எடுத்துக்கொண்டவர் அமுக்கராவையும் எடுத்துக்கொள்ள வேண்டாமா? அசுவகந்தி என்று வடமொழியார் வழங்குகிற அச்செடியின் இலையிலே ஆல்டர்னேரியா என்னும் பூஞ்சை பற்றினால் பழுப்புப் புள்ளிகள் விழுந்து, பெருகி, ஒன்றோடொன்று கூடி இலை கருகிப்போகிறது. அப்படி நோயுற்ற இலையையும் நல்ல இலையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, அச்செடியின் மருந்துக் குணத்துக்குக் காரணமான விதானோலைடு முதலிய பொருள்கள் நோயுற்ற இலையிலே குறைந்திருக்கக் கண்டார்கள். மணமும் பிறக்கவில்லை, மருந்தும் பெருகவில்லை, உள்ளதும் போயிற்று. உலகச் சந்தையிலே திருநெல்வேலியின் பெயராலேயே வழங்குகிற நிலாவாரையைப் பயிரிடும் குடியானவரைக் கேட்டாலும், புள்ளி விழுந்து கறுத்த இலைக்கு வியாபாரி என்ன மதிப்புக் கொடுப்பான் என்பதை ஒரு வார்த்தையிலே சொல்லிவிடுவார். இலையே சரக்காக இருக்கிற பயிரில் நோயை உவமையாகப் பார்க்க அவருக்கு நேரமில்லை. மருந்து தெளிப்பதற்கு ஆள் தேட வேண்டும்.

குணம் ஓரிடத்திலே ஏன் பெருகுகிறது, ஓரிடத்திலே ஏன் குறைகிறது என்பதற்கு இரசாயன நூலார் சொல்லும் காரணங்கள் எளியவை, ஆயினும் சிந்திக்கத் தக்கவை. காவற்பொருளை உண்டாக்குவதற்கு முதல் வேண்டும். அந்த முதல், வெயிலைக் கொண்டு இலை தேடுகிற சர்க்கரை. பச்சையம் அழிந்த இடத்திலே தேட்டம் நின்றுபோகிறது. இருந்த சேமிப்பைப் பூஞ்சை தின்கிறது. தொடக்கத்தில் ஆயுதம் வடித்துக் குவித்த செடி நோய் முற்ற முற்ற வெறுங்கையாகிறது. அதுவுமன்றி, பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. தக்காளியிலையிலே புள்ளிநோய் உண்டாக்கும் செப்டோரியா, அவ்விலையின் காவற்பொருளான தொமாட்டினிலிருந்து ஒரு சர்க்கரைத் துண்டை அறுத்தெடுத்து, நஞ்சை நஞ்சல்லாததாக்கிவிட்டு மேலே நடக்கிறது. ஒரே இலையிலும்கூட ஒரு பொருள் ஏற, மற்றொன்று இறங்கும். முதல் வாரத்திலே பார்த்தது மூன்றாம் வாரத்திலே இருக்காது. இவற்றின்மேல் பூஞ்சை தான் விட்டுச்செல்லும் நஞ்சுகளும் உண்டு. ஆகவே ஊறுபட்ட இலையை மருந்துக்கு எடுக்காதே என்ற சுசுருதரின் விதி இன்றைக்கும் நல்ல விதியே. வீரியம் கட்டாயமாகக் குறைந்திருக்கும் என்பதைவிட, அவ்விலையிலே என்ன இருக்கிறது என்று கைப்பார்வையாலும் நாவின் சுவையாலும் சொல்ல முடியாது என்பதே அவ்விதிக்கு இன்று நாம் காட்டக்கூடிய காரணம்.

துன்பம் உயிருக்கு மருந்தாகும் என்ற கருத்தையே நான் மறுப்பதாகச் சைவ அன்பர்கள் நினைத்துவிட வேண்டாம். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே அருணந்தி சிவாசாரியர் தாம் அருளிய சிவஞான சித்தியாரில் அதற்கு வைத்தியனையே உவமை காட்டியிருக்கிறார். சில நோய்களை அறுத்தும் கீறியும், சில நோய்களைச் சர்க்கரைக் கட்டியும் பாலும் கலந்து கொடுத்தும் தீர்க்கிற வைத்தியனைப்போல, இறைவனும் இன்பத்தையும் துன்பத்தையும் ஊட்டி வினையை அறுக்கிறான் என்பது அங்கே கூறப்பட்ட கருத்து. இந்த உவமையிலே பலர் பார்க்கத் தவறுகிற ஒரு நேர்மை இருக்கிறது. கத்தி படுவது யார் உடலிலோ, நோய் தீர்வதும் அவருக்கே. அறுக்கப்படுகிறவர் ஒருவரும் நலம் பெறுகிறவர் மற்றொருவருமாக இருந்தால் அதற்குச் சிகிச்சை என்று பெயரிட எந்த வைத்தியரும் துணியமாட்டார். அகிலின் திருஷ்டாந்தத்திலோ நோய் மரத்துக்கு, மணம் நமக்கு. பிரசங்கியார் சித்தியாரின் கருத்தைச் சொல்வதாக எண்ணிக்கொண்டு, நோயாளியை மாற்றிவைத்துவிட்டார்.

இங்கே மற்றொரு கடினமான கேள்வி எழுகிறது. தொல்காப்பியத்து மரபியல் புல்லையும் மரத்தையும் உற்றறியும் ஓரறிவுயிராக வகுத்தது. நம் சமயங்களோ உயிர் எடுக்கும் பிறவிகளின் வரிசையிலே புல்லையும் பூண்டையும் சேர்த்தன. அப்படியானால் வில்வத்தின்மேல் விழுந்த புள்ளியும் ஓர் உயிரின் வினைப்பயன் என்று கொள்ள வேண்டுமா? அதனால் அந்த மரத்தின் உயிர்க்கு, மலம் பழுத்துக் கழலும் மலபரிபாகம் ஓர் அணுவளவாவது நெருங்குகிறதா? ஆம் என்று சொல்கிறவர்களோடு நான் வழக்காட வரவில்லை. அவர்கள் அதைத் தம் கொள்கையின் முறையால் சொல்கிறார்கள், நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லவில்லை. இலையைப் பார்த்தே சொல்கிறோம் என்பவரிடந்தான் எனக்கு வழக்கு உண்டு. புள்ளியைச் சுற்றி உயிரணுக்கள் தாமே மடிகின்றன என்று முன்னே சொன்னேனல்லவா? அதைத் தியாகம் என்று எழுத என் பேனாவே ஒருமுறை துடித்தது. ஆனால் உயிருள்ளதைத் தின்னும் பூஞ்சையிடம் பலிக்கிற அந்தத் தந்திரம், செத்ததைத் தின்று கொழுக்கும் சாம்பற்பூஞ்சையிடம் தலைகீழாகிப்போகிறது. மடிந்த உயிரணுக்கள் அதற்குப் பந்தி விரித்ததாகவே முடிகின்றன. ஓரிடத்தில் தியாகமாகவும் ஓரிடத்தில் விருந்தாகவும் இருக்கிற ஒரு செயலை அறநூலின் சொல்லால் அழைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்த உயிரணுக்களை யாரும் கேட்டுச் சம்மதம் வாங்கவுமில்லை.

எங்கள் ஊரிலே முதிய சித்த வைத்தியர் ஒருவர் இருந்தார். மூலிகை பறிக்கப் போகும்போது சட்டென்று கையை நீட்டமாட்டார். செடிக்குக் காப்புக் கட்டி, தூபம் காட்டி, சாப நிவர்த்தி மந்திரத்தை முணுமுணுத்த பிறகே அவர் கை இலையைத் தொடும். மூலிகைகளுக்குச் சாபம் உண்டு, அதை நீக்காமல் பறித்தால் மருந்து பலிக்காது என்பது சித்த மரபு. இளமையிலே இதை நான் மூடநம்பிக்கைகளின் பட்டியலிலே சேர்த்து வைத்திருந்தேன். இப்போது அதை அப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். மந்திரத்தினால் இலையின் இரசாயனம் மாறும் என்று நான் நம்பவில்லை. எனினும், செடியின் வீரியம் நமக்கென்று படைத்து வைத்த பொதுச் சொத்து என்று எண்ணியிருந்தால் அந்த மரபினர் சாபத்தைப் பற்றிப் பேசியிருக்கமாட்டார்கள். பிறருடைய உடைமையிலே கை வைக்கிறோம், அவர் மனம் நோகாதபடி அனுமதி கேட்டு எடுக்க வேண்டும் என்ற கூச்சம் அவர்களுக்கு இருந்திருக்கிறது. பாதிரியார் ஸ்டோனுக்கு இந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. ஜீவகனுடைய ஆசிரியருக்கும் இல்லை. சாலிசிலிக் அமிலத்தின் செய்தி வெளிவந்தபின் இரசாயன நூலார் மெல்ல வந்து சேர்ந்திருக்கிற இடத்துக்குச் சற்று அண்மையிலே அந்த வைத்தியர் காப்புக் கயிற்றோடு எப்போதோ நின்றுகொண்டிருந்தார்.

அவரிடம் ஒருநாள், புள்ளி விழுந்த இலைக்கும் சாப நிவர்த்தி உண்டா என்று கேட்டேன். அதைத்தான் பறிப்பதே இல்லையே, அதனிடம் எதற்கு மன்னிப்பு என்றார்.

தகப்பனார் காலத்திலே ஆய்ந்து கழித்த தளங்களைக் காலிலே மிதிபடாதபடி வில்வ மரத்தின் அடியிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்போம். அது மரியாதை. விவசாய இலாகாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, நோயுற்ற இலைகளை அடிமரத்திலே இட்டால் வித்தணுக்கள் அவற்றிலேயே தங்கியிருந்து மழைத்துளி தெறிக்கும்போது தாழ்ந்த கிளைகளுக்கு ஏறிவிடும், ஆகையால் கொளுத்திவிடுவதே முறை என்று சொன்னார். அவர் சொன்னது சரி. இரண்டு மூன்று பிரதோஷம் வரையில் மனம் ஒப்பாமல் பழைய வழக்கத்தையே நடத்தினேன். பிறகு கழித்த தட்டை வெந்நீர் அடுப்பண்டை கொண்டுபோகத் தொடங்கினேன். ஈர இலை முதலிலே புகைந்து, சீறி, அப்புறந்தான் பற்றும். ஒடிந்ததனாலே மட்டும் கழிந்த நல்ல பச்சை இலைகளும் புள்ளி விழுந்தவற்றோடு கலந்தே எரியும். எது எந்தப் புகை என்று என் மூக்குக்கு இதுவரையில் தெரிந்ததில்லை.